ஒரே பெயரில் இருவர்

எனக்கு இருபத்து மூன்று வயதானபோது கொடைக்கானலில் ஒரு வேலை கிடைத்தது. அறுபதுகளின் நடுப்பகுதி அது. மதுரையில் கணக்குப் பாடத்தில் பட்டம் வாங்கிவிட்டுப் பள்ளிக்கூட வேலைக்குக் காத்திருந்தேன். பழனி மலைக் கிராமங்களில் காசநோய் எவ்வளவு பரவியிருக்கிறது என்று ஒரு கணக்கெடுப்பு நடந்துகொண்டிருந்தது. அதற்காக வந்து குவிந்த காகிதங்களைச் சரிபார்க்கப் படித்த பெண்கள் வேண்டும் என்றார்கள். ஆறு மாதத்துக்கு என்று போனவள் இரண்டு வருடத்துக்கு மேல் இருந்துவிட்டேன்.

அலுவலகம் என்பது ஏரிக்கு மேலே, யூகலிப்டஸ் மரங்களுக்கு நடுவில், ஒரு பழைய பங்களாவின் முன்னறை. சன்னலை மூடினால் இருட்டு, திறந்தால் மேகம். மத்தியானம் இரண்டு மணிக்கெல்லாம் அது ஏறி வந்துவிடும். முதலில் கீழே ஏரி மறையும். பிறகு வேலி, பிறகு வாசற்படி. கடைசியில் மெதுவாகச் சன்னல் வழியே உள்ளே வந்து மேசைமேல் தங்கும். கார்டுகள் நமத்துப்போகும், மை பரவும். கரி நெருப்புப் போட்ட இரும்புச் சட்டியைக் காலடியில் வைத்து, அதன்மேல் கம்பி வலை பரப்பி, அப்பளம் காயவைப்பதுபோலக் கார்டுகளை உலர்த்துவோம். எதிரே உட்கார்ந்திருக்கும் தோழியின் முகம்கூடச் சில சமயம் பாதிதான் தெரியும்.

அந்தத் தோழி கொடைக்கானல்காரி. மிஷன் பள்ளியில் படித்தவள், டைப் அடிப்பதற்காகச் சேர்ந்தவள். என் வயதுதான். எங்கள் இருவருக்கும் மேலே ஒரு டாக்டர். மாதத்தில் பாதி நாள் ஜீப்பில் கிராமங்களுக்குப் போய்விடுவார், மீதி நாள் தூக்கக் கலக்கத்தோடு இருப்பார்.

முதல் நாள் அவர் மூன்று கட்டுகளை மேசைமேல் வைத்தார். ஒன்று, எக்ஸ்ரே வண்டி ஊர் ஊராகப் போய்ப் படம் எடுத்தபோது எழுதிய கார்டுகள். இரண்டு, மருந்து வாங்கியவர்களின் பதிவேடு. மூன்றாவது, கிராம முன்சீப்புகள் வைத்திருந்த சாவுப் பதிவேடுகளிலிருந்து எடுத்த நகல்.

"படத்துல நோய் தெரிஞ்சவங்கள்ல எத்தனை பேர் மருந்து வாங்க வந்தாங்க, எத்தனை பேர் பாதியில விட்டாங்க, எத்தனை பேர் இறந்துபோனாங்க? இவ்வளவுதாம்மா எனக்குத் தெரியணும்," என்றார்.

இவ்வளவுதானா என்று நினைத்தேன். மறுநாளே புரிந்துவிட்டது. மூன்று காகிதத்திலும் இருப்பவர் ஒரே ஆள்தானா என்று தெரிந்தால்தான் அந்தக் கேள்விக்குப் பதில் உண்டு. அதைச் சொல்வதற்கு எந்தக் காகிதத்திலும் பொதுவான எண் கிடையாது. பேர், கணவர் பேர் அல்லது தகப்பன் பேர், ஊர், வயது. அவ்வளவுதான்.

பேரை நம்பலாம் என்றால் அந்த மலையில் பாதி ஆண்களுக்குப் பழனிச் சாமியின் பேர்தான். அதே சாமிக்கு இன்னும் எத்தனையோ பேர் இருப்பதால் மீதிப் பேருக்கு அவற்றில் ஒன்று. ஒரே ஆளின் பேரை மூன்று குமாஸ்தாக்கள் மூன்று விதமாக எழுதியிருப்பார்கள். ஒருவருக்கு 'ழ' பிடிக்காது. இன்னொருவர் எல்லோருக்கும் கடைசியில் ஒரு 'ன்' சேர்த்துவிடுவார். வயதோ, யாரைக் கேட்டாலும் முப்பது, முப்பத்தைந்து, நாற்பது. முப்பத்திரண்டு வயதுக்காரர் ஒருவரைக்கூட நான் அந்தக் கார்டுகளில் பார்த்த நினைவில்லை.

இரண்டு மாதம் கண்ணை நம்பிப் பொருத்திக்கொண்டிருந்தோம். காலையில் ஒரே ஆள் என்று தோன்றியவர்கள் மாலையில் இரண்டு பேராகத் தோன்றினார்கள். தோழி ஒரு நாள் கார்டை வீசிவிட்டு, "நேத்து நீ மேட்ச்னு சொன்னதை இன்னிக்கு நீயே பிரிக்கிற. உனக்கு ரூல்னு ஏதாவது இருக்காடி?" என்று கேட்டாள்.

எனக்கு ரோஷமாக இருந்தது. அன்றைக்கு ஏரியைச் சுற்றி நடந்தபோது யோசித்துப் பார்த்தேன். சாமி பேர் இரண்டு காகிதத்தில் ஒத்துப்போனால் அதில் என்ன அதிசயம்? எந்த இரண்டு பேரை எடுத்தாலும் அது தற்செயலாக ஒத்துப்போகலாம். ஆனால் யாருக்குமே இல்லாத ஒரு பேர் இரண்டு இடத்திலும் வந்தால் அது பெரிய சாட்சி. அப்படியானால் ஒவ்வொரு பேருக்கும் அது எவ்வளவு அபூர்வமோ அவ்வளவு மதிப்பெண் கொடுக்கலாம். கணவர் பேர் ஒத்துப்போனால் தனியாக மதிப்பெண். வயது ஒத்துப்போனால் கொஞ்சம். ஐந்து வயது வித்தியாசம் இருந்தால் கழிக்க வேண்டியதில்லை, இருபது இருந்தால் கழிக்கலாம். எல்லாவற்றையும் கூட்டினால் ஒரு எண் வரும். பெரிய எண்ணாக இருந்தால் ஒரே ஆள், சின்னதாக இருந்தால் வேறு ஆள். நடுவில் நிற்பவர்களைத் தனியாக வைத்து விசாரிக்கலாம்.

வெளிநாடுகளில் இதே யோசனையை வைத்துக்கொண்டு பெரிய ஆட்கள் பெரிய சூத்திரங்கள் எழுதிக்கொண்டிருந்தார்கள் என்பது பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. அன்றைக்கு அது என் தலையில் உதித்தது என்றுதான் நம்பினேன். சந்தோஷத்தில் படகுத் துறையைத் தாண்டியும் நடந்துபோய்விட்டேன்.

மறுநாள் முதல் கார்டுகளை ஊர்வாரியாகப் பிரித்தோம். ஓர் ஊருக்குள்ளே எழுத்தை விட்டுவிட்டு ஓசைப்படி அடுக்கினோம். ஒவ்வொரு சோடிக்கும் மதிப்பெண் போட்டோம். மூன்று மரப்பெட்டிகள் வைத்திருந்தோம். ஒரே ஆள், வேறு ஆள், தெரியவில்லை.

அந்த நாட்கள் ஒரு கனவுபோல இருந்தன. கடைத்தெருவில் கேரட் மூட்டை இறக்குகிறவரைப் பார்த்தால், இவர் எந்தப் பெட்டியில் இருப்பார் என்று தோன்றும். பேருந்திலிருந்து இறங்கும் கம்பளிப் போர்வைக்காரர்களின் முகங்களுக்கு நான் படித்த பேர்களை ஒவ்வொன்றாக மாட்டிப் பார்ப்பேன். பனிக்குள் எதிரே வருகிற ஒருவர் அருகில் வரும்வரை யாராக வேண்டுமானாலும் இருக்கலாம். அருகில் வந்ததும் ஒரே ஒருவராக ஆகிவிடுவார். அது எனக்குத் தீராத ஆச்சரியமாக இருந்தது. தாண்டிக்குடிக் காப்பித் தோட்டத்தில் மருந்து வாங்கிய ஓர் ஆளும் மேல்மலையில் படம் எடுத்துக்கொண்டு காணாமல்போன ஓர் ஆளும் ஒருவர்தான் என்று அவருடைய தகப்பனின் அபூர்வமான பேரை வைத்துக் கண்டுபிடித்தோம். டாக்டர் தோட்டத்துக்கே போய் விசாரித்து, "அவரேதாம்மா!" என்று ஜீப்பிலிருந்தே கத்திக்கொண்டு வந்தார். அன்று தோழி பேக்கரியிலிருந்து பன் வாங்கி வந்தாள்.

டாக்டருக்கு எங்கள் மதிப்பெண் மேல் நம்பிக்கை வந்துவிட்டது. எனக்கு அவரைவிட அதிக நம்பிக்கை.

சாவுப் பதிவேட்டைப் பொருத்தியபோது மன்னவனூர்க் கார்டு ஒன்று வந்தது. ஒரு பெண். எக்ஸ்ரே கார்டில் வயது முப்பத்தைந்து, நெஞ்சில் நோய் தெரிந்திருந்தது. மருந்துப் பதிவேட்டிலும் அவள் இருந்தாள். சாவுப் பதிவேட்டில் அதே ஊர், அதே பேர், அதே கணவர் பேர், வயது முப்பது, காரணம் காய்ச்சல். பேர் அந்த மலையில் அதிகம் வராத ஒரு காவல்தெய்வத்தின் பேர். கணவர் பேரும் அப்படியே அபூர்வம். இரண்டுக்கும் முழு மதிப்பெண் போட்டேன். கூட்டுத்தொகை எங்கள் எல்லைக்கோட்டுக்கு வெகு மேலே நின்றது. யோசிக்க எதுவும் இல்லை. கார்டின் மூலையில் சிவப்பு மையால் ஒரு குறி போட்டு, 'இறந்தவர்' என்று எழுதினேன். அன்று வேறு என்னென்ன செய்தேன் என்று நினைவில்லை.

அந்தக் குறிக்கு ஒரு விளைவு உண்டு. மாதம் ஒருமுறை மருந்துப் பொட்டலங்களை மேல்மலைக்கு அனுப்பும் பட்டியலை எங்கள் அறையில் தோழிதான் டைப் அடித்தாள். பொட்டலங்கள் காய்கறி லாரியில் போய் மன்னவனூரில் ஒரு டீக்கடையில் இறங்கும். அவரவர் வந்து எடுத்துக்கொள்வார்கள். இறந்தவருக்குப் பொட்டலம் கிடையாது.

நான்கைந்து மாதம் போயிருக்கும். மழை விட்ட ஒரு காலை. வாசலில் யாரோ இருமும் சத்தம் கேட்டது. தோழி எழுந்து போய்க் கதவைத் திறந்தாள். தலையில் கோணிச் சாக்கைக் கொங்காணியாகப் போட்டுக்கொண்டு ஒரு பெண் நின்றாள். செருப்பில்லாத காலில் செம்மண். லாரியில் உருளைக்கிழங்கு மூட்டைமேல் உட்கார்ந்து வந்திருக்கிறாள்.

"மாத்திரை குடுக்கற ஆபீசு இதுதானுங்களா?" என்று கேட்டாள்.

"ஆஸ்பத்திரி கீழே இருக்கும்மா. இது ரெக்கார்டு ஆபீஸ்," என்றாள் தோழி.

"அங்கனதான் மொதல்ல போனேனுங்க. என் பேரு லிஸ்ட்டுல இல்லையாம். லிஸ்ட்டு போடுறது இங்கனதான்னு சொன்னாங்க. நாலு மாசமா எனக்கு மட்டும் பொட்டலம் வரலீங்க. சீக்கு நல்லாப் போச்சு, அதான் நிறுத்திட்டாங்கபோலன்னு நானும் என் சோலியப் பாத்துக்கிட்டு இருந்துட்டேன். இப்ப மறுபடி இருமலு. வெள்ளனே எந்திரிச்சா மூச்சு முட்டுது."

நான் பேரைக் கேட்டேன். கணவர் பேரைக் கேட்டேன். கணவர் பேரைச் சொல்ல அவள் கூச்சப்பட்டாள். குலத்தில் மூத்த தாத்தா பேர்தான் என்று சுற்றி வளைத்துச் சொல்லி, கடைசியில் தோழியின் காதில் மெதுவாகச் சொன்னாள். தோழி என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

அந்தக் கார்டை எடுக்க எனக்குப் பெட்டியில் தேடவே வேண்டியிருக்கவில்லை. கை நேராகப் போய்விட்டது. சிவப்புக் குறியைப் பார்த்ததும் அவள், "இது என்னங்க, செவப்பா?" என்று கேட்டாள்.

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். சொல்ல வரவில்லை.

"நீங்க இறந்துட்டதா எழுதிட்டோம், அக்கா. நான்தான் எழுதினேன்."

அவள் கோபப்படுவாள் என்று நினைத்தேன். கோணியை இறக்கி வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கரிச்சட்டியில் கை காட்டிச் சூடாக்கிக்கொண்டாள். பிறகு சொன்னாள்.

"செத்தது நான் இல்லீங்க. அது பள்ளத்து வீட்டுக்காரி. எனக்குச் சித்தப்பா மக. பிள்ளை பெத்த வீட்டுலயே காய்ச்சல் வந்து போயிட்டா. எங்க வம்சத்துல மூத்த பொண்ணுக்கெல்லாம் அந்தச் சாமி பேருதாங்க. எங்களைக் கட்டுனவங்க வீட்டுல மூத்த பையனுக்கெல்லாம் அவங்க தாத்தா பேரு. காலங்காலமாப் பொண்ணு கொடுத்து எடுத்து ஒரே சனமா கெடக்கோம். அவளைக் கட்டுனவரும் என்னைக் கட்டுனவரும் பங்காளிங்கதான்."

அப்போதுதான் என் தவறு புரிந்தது. பேருக்கு ஒரு சாட்சி, கணவர் பேருக்கு ஒரு சாட்சி என்று இரண்டாகக் கூட்டியிருந்தேன். அவை இரண்டும் ஒரே குடும்பத்துக்குள்ளிருந்து சேர்ந்தே வந்தவை. ஒன்று ஒத்துப்போனால் மற்றதும் ஒத்துப்போகத்தான் செய்யும். மலை முழுவதற்கும் அபூர்வமான அந்தப் பேர், அந்த ஒரு தெருவில் அபூர்வமே இல்லை. இது எந்தக் கணக்குப் புத்தகமும் இல்லாமல் அவளுக்குப் பிறந்ததிலிருந்தே தெரியும்.

"அப்ப ஊர்ல உங்களையும் அவங்களையும் எப்படி வேற வேறன்னு சொல்லுவாங்க?" என்று கேட்டேன்.

"அதிலென்ன கஷ்டமுங்க? அவ பள்ளத்து வீட்டுக்காரி. நான் மேட்டு வீட்டுக்காரி," என்று சொல்லிச் சிரித்தாள். சிரிப்பு இருமலாக மாறி வெகுநேரம் நிற்கவில்லை.

டாக்டரே அவளைக் கீழே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்ப் படம் எடுத்தார். பழைய படத்தில் ஆறிக்கொண்டிருந்த இடம் மறுபடி பெரிதாகியிருந்தது. ஊசி போட்டுப் படுக்கவைத்தார்கள். வீட்டில் இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள், பூண்டு பிடுங்கும் நேரம் என்று அவள் அழுதாள். 

டாக்டர் என்னைத் திட்டவில்லை. "வேற எத்தனை பேருக்கு இப்படி எழுதியிருக்கோம்?" என்று மட்டும் கேட்டார்.

அதற்கு மதிப்பெண்ணை வைத்துப் பதில் சொல்ல முடியாது. மறுநாள் நானும் தோழியும் சிவப்புக் குறி போட்ட கார்டுகள் எல்லாவற்றையும் ஒரு துணிப்பையில் போட்டுக்கொண்டு ஜீப்பில் ஏறினோம். ஒவ்வோர் ஊராகப் போய் ஒவ்வொரு பேரையும் நேரில் விசாரிப்பது என்று முடிவு. வாரக்கணக்கில் அலைந்தோம். சோலைக்குள் ஜீப் போகும்போது இரண்டு பக்கமும் மரங்கள் பாசியைத் தொங்கவிட்டுக்கொண்டு நிற்கும். சொட்டுச் சொட்டாகக் கண்ணாடிமேல் விழும். சோலை முடிந்ததும் சட்டென்று புல்வெளி, வானம், ஆட்டுமந்தை. உலகத்தை யாரோ அப்போதுதான் கழுவி வைத்ததுபோல இருக்கும். அந்த அழகுக்குள் உட்கார்ந்துகொண்டு, இவர் இறந்துவிட்டாரா என்று வீட்டுக்கு வீடு கேட்டுக்கொண்டு போனோம்.

பெரும்பாலும் நாங்கள் எழுதியது சரியாகத்தான் இருந்தது. வாசலில் நின்று பேரைச் சொன்னதும் உள்ளிருந்து ஓர் அமைதி வரும். அதிலேயே தெரிந்துவிடும். சில வீடுகளில் செத்ததாக எழுதிய ஆள் தானே எழுந்து வந்து, "என்னங்க சேதி?" என்று கேட்டார். அந்தக் கணத்தில் எனக்கு வரும் சந்தோஷத்தை மறைக்க முடியாது. ஒரு பெரியவரின் கையைப் பிடித்துக்கொண்டு நான் விடவே இல்லை. அவர் திகைத்துப்போய், "உக்காரு தாயி, மோர் குடி," என்றார்.

ஒரு வீட்டில் மட்டும் வேறு மாதிரி நடந்தது. ஊர் பேர் சொல்ல மனம் வரவில்லை. நாங்கள் தேடிப்போன ஆள் நாங்கள் சிவப்புக் குறி போட்ட நாளில் உயிரோடுதான் இருந்திருக்கிறார். மருந்து நின்றபிறகு, நாங்கள் போவதற்குப் பத்து நாளுக்கு முன் இறந்துபோயிருந்தார். மருந்து வந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று டாக்டரைக் கேட்டேன். "சொல்ல முடியாதும்மா. ரொம்ப முத்தியிருந்தது," என்றார். அதற்கப்புறம் பல வருடம் அந்தப் பதிலை மனசுக்குள் திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறேன். அந்த மனிதரின் மனைவி எங்களைக் குறை சொல்லவில்லை. திண்டுக்கல் சந்தைக்கு அனுப்ப வைத்திருந்த பீன்ஸைக் கூடையில் அடுக்கிக்கொண்டே பேசினாள். 

வந்ததும் கார்டுகளை எல்லாம் மறுபடி எழுதினோம். ஊரில் அழைக்கும் பேர் என்று ஒரு கட்டம் புதிதாகச் சேர்த்தோம். மேட்டு வீடு, பள்ளத்து வீடு, கிணத்தடி, கூனிப்போன மரத்தடி, மூணாம் மகன், ரெண்டாங்கட்டு. குமாஸ்தாக்கள் முதலில் சிரித்தார்கள். அபூர்வம் என்பதை மலை முழுவதற்கும் ஒன்றாகக் கணக்கிடாமல் ஒவ்வோர் ஊருக்கும் தனியாகக் கணக்கிட்டேன். தம்பதியின் பேர்களைச் சேர்த்து ஒரே சாட்சியாக வைத்தேன். மதிப்பெண் எவ்வளவு உயர்ந்திருந்தாலும், ஒருவர் நேரில் போய்ப் பார்க்காமல் யாரையும் இறந்தவர் என்று எழுதுவதில்லை என்று டாக்டரிடம் எழுதி வாங்கினேன். அவர் மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டார்.

அறிக்கை எழுதும் நேரம் வந்தபோது எங்களுக்குள் ஒரு வாக்குவாதம். தெரியவில்லை என்ற பெட்டியில் இன்னும் நிறையக் கார்டுகள் இருந்தன. மேலிடத்தில் சுத்தமான கணக்கு கேட்டார்கள். அவற்றையும் மற்ற இரண்டு பெட்டிகளில் ஏதாவது ஒன்றில் போட்டுவிடச் சொன்னார்கள்.

"தெரியலைன்னா தெரியலைன்னே எழுதுங்க டாக்டர்," என்றேன்.

"அப்படி எழுதினா நம்ம வேலை அரைகுறைன்னு சொல்லுவாங்கம்மா."

"அரைகுறைதானே?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அறிக்கையில் 'தெரியவில்லை' என்ற அந்த மூன்றாவது வரி அப்படியே போயிற்று. யாராவது படித்தார்களா என்று தெரியாது.

மேட்டு வீட்டுக்கார அக்கா ஏழெட்டு மாதம் ஆஸ்பத்திரியில் இருந்தாள். வாரத்தில் இரண்டு நாள் வேலை முடிந்ததும் போய்ப் பார்ப்பேன். முதலில் குற்ற உணர்ச்சியில்தான் போனேன். பிறகு அவளோடு பேசுவது பிடித்துப்போய்ப் போனேன். வராந்தாவில் வெயில் படும் இடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பாள். பக்கத்துக் கட்டில்காரிகளின் ஊரையும் உறவையும் எனக்கு முழுதாகச் சொல்லிவிடுவாள். யார் யாருக்கு மாமன் முறை, யார் யாரைக் கட்டியிருக்க வேண்டியவர்கள், எந்த வீட்டில் ஒரே பேரில் மூன்று பேர் என்று. நான் நோட்டில் எழுதிக்கொள்வேன். அந்த வராந்தாவில் உட்கார்ந்தே 'தெரியவில்லை' பெட்டியில் கிடந்த சில சிக்கல்களைப் பிரித்திருக்கிறோம்.

"உனக்கு இந்த வேலை எதுக்கு தாயி? வெரசா ஒரு கல்யாணத்தைப் பண்ணிக்க," என்பாள்.

"பண்ணிக்கிட்டா என் பேரும் மாறிடுமே அக்கா, அப்புறம் என்னை எப்படித் தேடுறது?" என்றேன் ஒரு நாள். அவள் சிரித்தாள். அந்த முறை இருமல் வரவில்லை.

அவளை வீட்டுக்கு அனுப்பிய நாளில் நான் மதுரைக்குப் போயிருந்தேன், விடைபெற முடியவில்லை. கணக்கெடுப்பும் முடிந்து, மலைக்குக் கீழே ஒரு கல்லூரியில் எனக்கு வேலை கிடைத்தது. கிளம்புவதற்கு முன் ஒரு சித்திரை மாதத்தில் லாரியில் இடம் கேட்டு மன்னவனூருக்குப் போனேன்.

மேகமே இல்லாத நாள். மேட்டு வீடு பூட்டியிருந்தது. பக்கத்தில் கேட்டபோது சரிவில் கை காட்டினார்கள். உருளைக்கிழங்குக் காட்டில் பத்துப் பதினைந்து பெண்கள் வரிசையாகக் குனிந்து தோண்டிக்கொண்டிருந்தார்கள். எல்லோர் தலையிலும் ஒரே மாதிரித் துண்டு. யார் அவள் என்று தூரத்திலிருந்து தெரியவில்லை. பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன். வரிசையில் மூன்று பேர் நிமிர்ந்து பார்த்தார்கள்.

நடுவில் இருந்தவள் மண்வெட்டியைப் போட்டுவிட்டு, புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு, மூச்சு வாங்காமல் மேட்டில் ஏறி வந்தாள். மடியிலிருந்து நாலு கிழங்கை எடுத்து என் கையில் வைத்தாள். சுள்ளி பொறுக்கித் தீ மூட்டிச் சுட்டுத் தந்தாள். வெயிலில் வரப்பில் உட்கார்ந்து, தோல் உரித்து, ஊதி ஊதிச் சாப்பிட்டோம். லாரிக்காரர் ஹாரன் அடித்துக் கூப்பிடும்வரை மூத்த மகள் படிப்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள்.